ஒயிலில் தண்ணீர் ஊற்றியவர்

எங்கள் குடும்பத்தில் எது உடைந்தாலும், எது கருகினாலும், எது தொலைந்தாலும் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவரும் கேட்கும் முன்னமே குஞ்சியம்மா முன்னால் வந்து "அது நான்தான்" என்று சொல்லிவிடுவார். குஞ்சியம்மா என்றால் என்னைப் பெற்ற ஐயாவின் தம்பி பெண்சாதி. பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் போட்டு எழுதி, அதில் ஏதும் பிழை வந்துவிட்டால், இப்போது அவர் இருக்கிற இடத்திலிருந்தும் "நான்தான் எழுதச் சொன்னனான்" என்று குரல் வரும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

என் தங்கச்சியின் கலியாணத்தில் பாயாசம் அடிப்பிடித்துவிட்டது. சமையல்காரன் சுருட்டுப் பற்றவைக்க வேலியோரம் போய் நின்றவன், வம்பளந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டான். அதை நாலு பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை பகுதியார் மூக்கைச் சுருக்கத் தொடங்கியதும், வீட்டின் பின்புறக் கோடிக்குள் குந்தியிருந்து வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த குஞ்சியம்மா எழும்பி வந்தார்.

"நான்தான் கிண்டிவிடுறன் எண்டு அகப்பையை வாங்கினனான். பிராக்குப் பாத்திட்டன்."

சமையல்காரன் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு அந்த நன்றி கெட்டவன் என்ன செய்தான் தெரியுமா? "பாருங்கோ இந்த மனுசியை! நான் சொன்னனான், கைவிடாமல் கிண்டுங்கோ எண்டு!" என்று அவர்மேலேயே பாய்ந்தான். குஞ்சியம்மா தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் கோடிக்குள் போய் இலை துடைத்தார். மாப்பிள்ளை பகுதியார் கருகின பாயாசத்தையே இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள்.

இன்னொரு முறை, காயப்போட்ட புகையிலை முழுவதும் மழையில் நனைந்துபோயிற்று. மழைக்குப் பொறுப்பாக யாரைப் பிடிப்பது? அதற்கும் ஆள் இருந்தது. "நேற்று நான்தான் வாய் வைச்சனான், இனி மழை வராது எண்டு" என்றார் குஞ்சியம்மா. ஐயாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு மழை பெய்விக்கிற வல்லமை இருந்தா வைகாசியிலை ஒருக்கால் பெய்விச்சுக் காட்டன், பாப்பம்" என்றார். அதோடு அன்றைய சண்டை நின்றுபோனது.

அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கோபத்தைக் கொட்ட வாயெடுக்கிற நேரம் ஒருவர் வந்து பாத்திரத்தை நீட்டினால், கொட்டுகிற சுகம் போய்விடுகிறதல்லவா? ஒருநாள் அவர் முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருக்கையில் நேரே கேட்டேன்.

"ஏன் குஞ்சியம்மா இப்பிடிப் பொய் சொல்லுறியள்?"

அவர் நிமிரவில்லை. "பிழை எண்டு ஒண்டு நடந்தா அதுக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. ஆள் கிடைக்குமட்டும் சனம் அடங்காது. கிடைச்சிட்டால் வீட்டை போய்ச் சோறு தின்னும்."

"அதுக்கு நீங்களோ கிடைச்சியள்?"

"நான் சும்மாதானே இருக்கிறன்."

இது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். குஞ்சியம்மாவின் புருசன், எங்கள் குஞ்சியப்பு, காய்ச்சலில் செத்த அன்று, பிரேதத்தை எடுக்கும் முன்னமே அவருடைய அண்ணன்மார் இருவரும் சண்டை பிடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்தியது யாரால் என்று கேள்வி. என் ஐயாவும் அதில் ஒருவர். வண்டி கட்டாமல் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தியது ஐயாதான். பறைமேளம் நின்றுபோய்ச் சனமெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் இருந்த குஞ்சியம்மா, "நான்தான் பிந்திச் சொன்னனான். காய்ச்சல் விட்டிடும் எண்டு நினைச்சிட்டன்" என்றார். சண்டை நின்றது. பிரேதம் போயிற்று. அன்றைக்குக் குஞ்சியம்மாவுக்கு இருபத்தாறு வயது.

அந்த மனுசி சொன்ன பொய்களில் ஒன்றில் எனக்கும் பங்குண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டக் கிணறு ஐந்து பங்குக்காரருக்குச் சொந்தம். நாங்கள் ஒரு பங்கு, குஞ்சியம்மா ஒரு பங்கு, மலாயாவில் றெயில்வேயில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்தவர் ஒரு பங்கு, மற்ற இரண்டும் ஐயாவின் மச்சான்மார். கந்தன் என்பவன் இருபது வருடமாக அந்தக் கிணற்றின் ஏற்றமான துலாவை மிதித்துவந்தான். விடியப்புறம் துலாவில் ஏறினால் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பான். கீழே ஒருவர் தண்ணீர் அள்ளிவரும் ஓலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் தண்ணீரைக் கவிழ்ப்பார். முறை முறையாக ஐந்து பங்கும் நனைய உச்சிவெயிலாகிவிடும்.

நான் மிசன் பள்ளிக்கூடத்தில் சீனியர் வகுப்புவரை படித்தவன். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று அரசாங்க உத்தியோகத்தை ஊர் சொல்லும். எனக்கு அந்தக் கோழிகூடக் கிடைக்கவில்லை. படித்த படிப்புக்கு ஏதாவது செய்து காட்டவேண்டும் என்று, பங்குக்காரரைப் பிடித்து அரித்தெடுத்து, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு சின்ன என்ஜினும் பம்பும் வாங்குவித்தேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். அது வந்த அன்று ஊரே கூடிநின்று பார்த்தது. கந்தனும் நின்றான். "உந்த இரும்புப் பேய் எத்தினை நாளைக்கு ஓடுதெண்டு பாப்பமே" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். சொல்லாமல் இருப்பானா? அவன் வயிற்றில் அல்லவா அடித்திருந்தோம்.

ஒரு வருடம் என்ஜின் ராசாமாதிரி ஓடியது. பிறகு உலக யுத்தம் வந்து, மண்ணெண்ணெய் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது. என் எண்ணெயில் உன் தோட்டம் நனைந்தது, இல்லை என் எண்ணெயில்தான் உன் தோட்டம் நனைந்தது என்று தினமும் வாய்த்தர்க்கம். அப்போது நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவரும் தன் எண்ணெயைத் தன் போத்தலில் கொண்டுவரவேண்டும். தன் முறை முடிந்ததும் என்ஜினை நிற்பாட்டி, தாங்கியில் மிஞ்சியதைக் கடைசிச் சொட்டுவரை தன் போத்தலுக்கு வடித்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். அடுத்தவர் வந்து தன் எண்ணெயை விட்டுத் திரும்ப இயக்கவேண்டும். ஒருவருக்கொருவர் கடமைப்பாடு இல்லை. மலாயாக்காரர் என் முதுகில் தட்டி, "இங்கிலிஸ் படிச்ச மூளை எண்டால் இதுதான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மார்கழி பிறந்தது. மாரிமழையில் மண் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால், ஒவ்வொருவர் முறையும் கால்மணித்தியாலம், மிஞ்சினால் இருபது நிமிடம். சிலர் அதற்கும் முன்னமே நிற்பாட்டிவிட்டு, வாய்க்காலில் மிச்சமாய் ஓடுகிற தண்ணீரை ஒட்ட வழித்துவிடுவார்கள். பனி கொட்டுகிற விடியலில் முதல் முறை குஞ்சியம்மாவுடையது. சுழற்றி இயக்க அவருக்குப் பலம் போதாது. "தம்பி, ஒருக்கால் வந்து சுத்திவிடன்" என்று என் வீட்டுப் படலையில் வந்து நிற்பார். நான் போர்வைக்குள் கிடந்து "வாறன், வாறன்" என்பேன். பனியில் நனைந்துகொண்டு நிற்பார். சிலநாள் முழு அரைமணித்தியாலம் நின்றிருக்கிறார். பிறகு நான் எழும்பிப் போய்ச் சுழற்றிவிடுவேன். அவருடைய துண்டுக் காணிக்குப் பத்து நிமிடம் போதும்.

அந்த மார்கழி முடியும் முன்னமே என்ஜின் இருமத் தொடங்கியது. வெள்ளைப் புகை தள்ளியது. ஒருநாள் காலை உள்ளுக்குள் கடகடவென்று இடித்துவிட்டு நின்றுபோனது. மலாயாக்காரர் வந்தார். றெயில்வேயில் இருபத்தைந்து வருடம் இருந்தவருக்கு என்ஜின் தெரியாமல் இருக்குமா என்று நாங்கள் நினைத்தோம். அவர் அங்கே டிக்கட் எழுதிக்கொண்டிருந்தவர் என்பது பின்னாளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர் என்ஜினுக்கு வழுக்கல் கொடுக்கிற ஒயில் தொட்டியின் அடிமூடியைத் திருகினார். முதலில் தண்ணீர் சொட்டியது. பின்னால் ஒயில் வந்தது. கறுப்பாய் வழுவழுவென்று வரவேண்டியது, வெள்ளையாய், கெட்டியாய், மத்தால் கடைந்த மோர்மாதிரி வந்தது.

"இது தண்ணி" என்றார் மலாயாக்காரர். "ஒயிலுக்குள்ளை தண்ணி தானாய்ப் போகாது. ஆரோ ஊத்தியிருக்கு."

யார் என்று எல்லோரும் யோசித்தார்கள். அந்தப் பழைய சொல்லை எடுத்துக் கொடுத்தது நான். "எத்தினை நாளைக்கு ஓடுதெண்டு பாப்பம் எண்டு ஒருத்தன் அண்டைக்குச் சொன்னவனெல்லே?" என்றேன். என் என்ஜின் செத்துக் கிடந்தது. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கந்தனைக் கூட்டிவந்தார்கள். அவன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிரில் வெறும் மேலோடு நின்றான்.

"நான் தொடேல்லை நயினார்."

"தொடாமல் என்னெண்டடா தண்ணி போனது?"

"எனக்குத் தெரியாது நயினார். நான் தொடேல்லை."

அவனுடைய கொட்டில் மலாயாக்காரரின் காணிக்குள் இருந்தது. "பின்னேரத்துக்குள்ளை கொட்டிலைப் பிரிச்சுக்கொண்டு பெண்சாதி பிள்ளையளோடை வெளிக்கிடு. ஊர் விசாரிக்கிற விதானையாருக்கும் ஆள் அனுப்புறன். உவனைக் கட்டுங்கோடா அந்தத் துலாக்காலிலை" என்றார் மலாயாக்காரர். ஐயாவின் மச்சான் ஒருவர் உண்மையாகவே கயிற்றை எடுத்துவிட்டார். ஒழுங்கையில் கந்தனின் பெண்சாதி இடுப்பில் பிள்ளையோடு ஓடிவருவது தெரிந்தது. கந்தன் நாலாம் முறையும் "நான் தொடேல்லை" என்றான்.

வாய்க்கால் சேறு காலில் ஒட்டியபடி குஞ்சியம்மா வந்தார்.

"அவனை விடுங்கோ. அது நான்தான்."

ஒரு சிரிப்பு எழுந்தது. குஞ்சியம்மாவின் "நான்தான்" ஊருக்குத் தெரிந்த விசயம். "நீர் போம் மனுசி, இது பாயாசமில்லை" என்றார் மலாயாக்காரர். ஆனால் குஞ்சியம்மா போகவில்லை.

"மூண்டு நாள் விடியப்புறம் ஒவ்வொரு செம்பு ஊத்தினனான். மேல்மூடியைத் திருகிப்போட்டு."

"ஏன்?"

குஞ்சியம்மா என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆம்பிளையள் சுத்துவியள், இயக்குவியள், நிப்பாட்டுவியள். நான் என்ரை முறைக்கு ஒவ்வொரு விடியலும் ஒருதன்ரை படலையிலை பனிக்குள்ளை நிண்டு கெஞ்ச வேணும். துலாவெண்டால் எனக்கு ஒருதரையும் கெஞ்சத் தேவையில்லை. வயித்தெரிஞ்சுது. ஊத்தினன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பாதி உண்மையால்தான் மற்றப் பாதியையும் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நம்பியதும் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வேன்! இவ்வளவு காலமும் எல்லாருடைய பிழையையும் தன் தலையில் போட்டு நல்லவர் வேசம் போட்டவர், கடைசியில் என் என்ஜினையல்லவா கொன்றிருக்கிறார் என்று மனம் கொதித்தது.

பெண்பிள்ளையைக் கட்டவும் முடியாது, விதானையாரிடம் கொடுக்கவும் முடியாது. என்ஜினில் அவருக்குப் பங்கில்லை என்று அந்த இடத்திலேயே தீர்த்தார்கள். புது ஒயிலும் திருத்தக்கூலியும் அவர் தலையில். கந்தன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், வந்த ஒழுங்கையால் போனான். சனம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றது.

குஞ்சியம்மாவின் புகையிலை அப்போது முழங்கால் உயரம். தண்ணீர் இல்லாமல் ஒரு கிழமை தாங்காது. அந்த ஒரு போகத்தில்தான் அவருடைய வருடம் முழுவதும் இருந்தது. மறுநாளே கந்தன் அவருக்காகத் துலாவில் ஏறினான். பட்டை பிடிக்க ஆள் இல்லை, குஞ்சியம்மாவே பிடித்தார். என்ஜின் திருத்தி வந்ததும், எங்கள் நாலு பேருடைய முறையும் முடிந்த பிறகுதான் கிணறு அவர்களுக்கு. வெயில் ஏறிய பிறகு இருவரும் தொடங்குவார்கள். பாதிக் காணி நனையும் முன்னமே அவருக்குக் கை விட்டுப்போகும். மற்றப் பாதி நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

ஒன்றைக் கவனித்தேன். துலா மிதிக்கிறவனும் பட்டை பிடிக்கிறவரும் வழக்கமாய் ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பார்கள். கதை இல்லாவிட்டால் அந்த வேலை செய்யேலாது. இவர்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிய மனுசிமேல் கந்தனுக்கு உள்ள மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திருத்திய என்ஜினுக்கு ஒரு கொட்டில் போட்டுப் பூட்டும் போட்டோம். அதைத் திறக்கிற திறப்பு என் அரைநாண் கயிற்றில். முறைகாரர் வந்தால் நானே திறந்து, நானே நின்று பார்த்து, நானே பூட்டினேன். தை மாதக் கடைசியில் திரும்பவும் வெள்ளைப் புகை. அடிமூடியைத் திருகினோம். அதே மோர்.

பூட்டு உடையவில்லை. மூடி திருகப்படவில்லை. "செய்வினை" என்றார் ஐயாவின் மச்சான். மலாயாக்காரர் அதை மறுக்கவில்லை. "அந்த மனுசி ஒரு மாதிரித்தான் பாக்கிறவ" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் போய், அங்கே ஒரு நெல்லுக்குத்தும் மில்லில் என்ஜின் பார்க்கிறவரைக் கையோடு கூட்டிவந்தேன்.

அவர் ஒரு கட்டை மனிதர். அதிகம் கதைக்கிறவர் அல்ல. அன்றைய கடைசி முறை அப்போதுதான் முடிந்திருந்தது. என்ஜினின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஓடின என்ஜினோ இது? தண்ணிக்குடம்மாதிரிக் கிடக்கு. எவ்வளவு நேரம் ஓட்டுறியள்?"

சொன்னேன். போத்தல், வடிப்பு, நிற்பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். கொட்டிலுக்குள் தொங்கிய அரிக்கன் லாம்பை எடுத்து, திரியைக் கொளுத்திச் சிம்னியை இறக்கி, எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்து மங்கியது. சற்றுநேரத்தில் தானாகத் தெளிந்தது.

"ஆர் இப்ப சிம்னிக்குள்ளை தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார்.

"எண்ணெய் எரிஞ்சா புகை மட்டுமில்லை, தண்ணியும் வரும். என்ஜின் கொதிச்சு நிண்டால் அது ஆவியாய் வெளியாலை போயிடும். குளிர்ந்து கிடந்தால் உள்ளுக்கையே வேர்த்து ஒயிலுக்கை இறங்கும். நீங்கள் சூடேற முந்தி நிப்பாட்டுறியள், ஆறவிட்டுத் திரும்ப இயக்கிறியள். நாளுக்கு நாலு அஞ்சு தரம், இந்தப் பனிக்குள்ளை. போதாக்குறைக்குக் கிணத்துப் பச்சைத்தண்ணி வேறை அதின்ரை உடம்பைச் சுத்தி ஓடுது. பிறகு ஒயில் மோராகாமல் என்ன செய்யும்?" லாம்பை ஊதி அணைத்தார். "எண்ணெயை ஒண்டாய்ச் சேருங்கோ. ஒருக்கால் இயக்கினால் எல்லாற்றை முறையும் முடியுமட்டும் நிப்பாட்டாதேங்கோ. ஒருதரும் தண்ணி ஊத்தேல்லை. அதுசரி, ஆர் உந்தப் போத்தல் முறை போட்டது?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். மலாயாக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "பங்காளியள் எல்லாருமாய்ச் சேந்து செய்த ஏற்பாடு" என்றார்.

குஞ்சியம்மாவிடம் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவர் மஞ்சளாகிப்போன பக்கத்தில் நின்று புகையிலையின் பக்கக் குருத்துகளை முறித்துக்கொண்டிருந்தார். வேலியில் நின்றே கத்தினேன்.

"குஞ்சியம்மா! ஒருதரும் ஊத்தேல்லையாம்! பனியும் குளிரும் செய்த வேலையாம்! நீங்கள் ஊத்தேல்லை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு!"

அவருடைய முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த குருத்தைக் கீழே போட்டார்.

"ஒருதருமோ?"

"ஒருதருமில்லை."

"கந்தனும்?"

"கந்தனும்தான்."

அவர் வரம்பில் அப்படியே இருந்துவிட்டார். பிசின் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அவன்தான் எண்டு நினைச்சன் தம்பி" என்றார். "பிள்ளைகுட்டிக்காரன், வேலை போன வயித்தெரிச்சலிலை செய்திட்டான், போகட்டும் எண்டு நினைச்சன். தொடேல்லை, தொடேல்லை எண்டு நாலு தரம் சொன்னவன். நீங்கள்தான் கேக்கேல்லை எண்டால், நானும் கேக்கேல்லை."

"அதுக்கென்ன, அவனைக் காப்பாத்தினியள்தானே?"

"காப்பாத்தினனோ?" என்றார்.

நல்ல சேதி சொல்லவென்று கந்தனின் கொட்டிலுக்கும் போனேன். அவன் வேலிக்கு நடக் கதியால் வெட்டிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"நாச்சியார் ஊத்தேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் நயினார். அவவுக்கு அந்த மூடி எந்தப் பக்கம் திருகிறதெண்டும் தெரியாது."

"அப்ப ஏன்ராப்பா பேசாமல் இருந்தாய்?"

"என்னத்தைச் சொல்ல? நான் ஊத்தினன் எண்டு நினைச்சுத்தானே அவ தன்ரை தலையிலை போட்டவ. நீங்கள் கட்டி வைச்சு அடிச்சிருந்தால், தொடேல்லை தொடேல்லை எண்டு சொல்லிச் சொல்லி அடி வாங்கியிருப்பன். நாச்சியார் வாய் திறந்த பிறகு அதையும் சொல்லேலாமல் போச்சு." அவன் கத்தியை எடுத்தான். "அவ நல்ல மனுசி நயினார். இருபது வருசம் அவவின்ரை காணிக்குத் தண்ணி இறைச்சனான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் எது எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலை என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒயில் மூடியின் துளையால் ஆவி போய்க்கொண்டிருந்தது. குஞ்சியம்மாவின் முறையைத் திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானித்திருந்தோம். அதைச் சொல்லக் கூப்பிட்டேன். அவர் கேட்காதவர்போலக் கிணற்றின் மறுபக்கம் போனார். துலாவில் ஏற வந்த கந்தனுக்கு முன்னால் போய் நின்றார். நான் என்ஜின் கொட்டிலுக்குள் நின்று பார்த்தேன். அவருடைய வாய் திறந்தது. கருகின பாயாசத்துக்கும், பெய்த மழைக்கும், செத்த புருசனுக்கும் நாக்கின் நுனியில் வந்த சொல் அது. இம்முறை வரவில்லை. வாயை மூடினார், திரும்பவும் திறந்தார்.

"வெயில் ஏற முந்தி முடிப்பம்" என்றார்.

"ஓம் நாச்சியார்" என்றான் கந்தன். ஏறி மிதிக்கத் தொடங்கினான்.

என்ஜின் முறையை அவர் திரும்ப வாங்கவேயில்லை. கந்தனுக்கு ஏறி மிதிக்கக் காலில் பலம் இருந்த வருடம்வரை அவருடைய காணிக்கு அவனே இறைத்தான். ஊர் அதைப் பிடிவாதம் என்றது. நானும் அப்படித்தான் வெளியில் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாத்திரம் உடைந்தால் உடைத்தது யார் என்று ஒரு கிழமை சண்டை நடந்தது. மாடு வேலி பாய்ந்தால் படலையைத் திறந்துவிட்டது யார் என்று இரண்டு வீடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. குஞ்சியம்மா குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். கண்ணெல்லாம் அவரிடம் போகும். "எனக்குத் தெரியாது" என்பார். எங்களுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அவர் தன் கடமையில் தவறுகிறார் என்பதுபோல நாங்கள் முணுமுணுத்தோம்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லாம்புச் சிம்னிக்குள் சாம்பல் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் கதைத்தோம். எழும்பப் போகையில், துடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு அந்தச் சுன்னாகத்தார் ஏதோ கேட்டவராமே. அந்தப் போத்தல் முறையை ஆர் போட்டதெண்டு."

"ஓம், கேட்டவர்தான்."

"ஆர் போட்டது?"

அவருக்குத் தெரியும். கிணற்றடியில் என் முதுகில் தட்டிய சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருமாய்த்தான் குஞ்சியம்மா" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். நான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் "அது நான்தான்" என்று சொல்லிவிடுவார் என்றுதான் காத்திருந்தேன். அவர் திரியைக் கொளுத்திச் சிம்னியை இறக்கினார். கண்ணாடி மங்கிப் பிறகு தெளிந்தது. அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.